ராகு காலத்தில் கழற்றிய பெல்ட்

இது கட்டிவிட்ட கதை இல்லை. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஒரு அடி நீளத்துக்கு மெஷினில் அச்சான தாளும் இருக்கிறது. அந்தத் தாள் இன்றைக்கும் நிம்மியின் பீரோவில் பைபிளுக்கு அடியில் கிடக்கிறது. பேயாவது பிசாசாவது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தாராளமாகப் பிதுக்கிக்கொள்ளட்டும். மைசூரிலேயே அதிகமாக உதட்டைப் பிதுக்கியவள் நிம்மிதான். அவளுக்குத்தான் இது நடந்தது.

பன்னிமண்டபம் பக்கம் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே நிம்மி லேபர் ரூம் நர்ஸ். பதின்மூன்று வருஷ சர்வீஸ். ஆயிரத்துக்கு மேல் குழந்தைகளைக் கையில் வாங்கியிருக்கிறாள். அந்த ஆயிரத்தில் ஒரு குடும்பத்தின் மீதும் அவளுக்கு மரியாதை வந்ததில்லை. ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழும் புருஷன்கள், பிள்ளை வெளியே வருவதற்குள் யார் ஜாடை என்று சண்டை போடும் சம்பந்திகள், தலைமுடி நிறைய இருக்கிறதா என்று முதல் கேள்வி கேட்கும் அத்தைகள்... எல்லாரும் அவளுக்கு ஒரே கும்பல். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். பார்க்கிற பார்வையிலேயே ஆளை மண்ணாக்கிவிடுவாள்.

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பதினொன்று பத்துக்குக் கொள்ளேகாலிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. முதலில் இறங்கியது மாமனார் சென்னிமலை. பட்டு வியாபாரி. ஊரில் நாலு பேர் எழுந்து நின்றால் உலகமே எழுந்து நிற்கிறது என்று நினைக்கும் ரகம். அப்புறம் மாமியார் நாச்சம்மாள், கையில் மாதேஸ்வரன் மலை விபூதிப் பொட்டலத்தோடு. அப்புறம் புருஷன் அருண்ராஜ், காதில் போனோடு. கடைசியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தானாகவே கதவைத் திறந்து இறங்கினாள் பூங்குழலி. வலி வந்தவள் அவள்தான். ஆனால் அந்தக் காரில் அவளுக்குத்தான் கடைசி இடம்.

இரண்டாவது பிரசவம். முதல் பெண் ஆபரேஷனில் பிறந்தவள். ஒரு தடவை அறுத்துத் தைத்த கருப்பையில் தழும்பு இருக்கும். மறுபடி வலி எடுத்தால் கருப்பை இறுகும். இறுக இறுகத் தழும்பு மெலிந்துகொண்டே போகும். தாங்கினாலும் தாங்கும், பிய்ந்தாலும் பிய்ந்துவிடும். பிய்ந்தால் குழந்தைக்கு நிமிஷக் கணக்குதான், தாய்க்கும் உயிர் போகிற ரத்தப்போக்கு. அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு வலி கண்டதும் காலம் கடத்தாமல் அறுத்து எடுத்துவிடுவார்கள். முதல் வருஷம் நர்ஸிங் படிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

சென்னிமலைக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய ஒரு தாளை எடுத்தார்.

"மூணு நாப்பத்திரெண்டுல இருந்து நாலு பதினெட்டுக்குள்ள குழந்தை வெளிய வரோணுங்க. ஜோசியர் எழுதிக் குடுத்திருக்காரு. அந்த நேரத்துல பொறந்தா ஊரையே ஆளுமாமா."

பெரிய டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். எம்.பி.பி.எஸ்., எம்.டி., இங்கிலாந்தில் போய் இன்னும் ஏதோ இரண்டு எழுத்து. அத்தனை எழுத்தும் ஒரு ஜோசியக்காரன் கையெழுத்துக்கு முன்னால் சுருண்டு படுத்தது. வலி லேசாகத்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

பூங்குழலியை லேபர் ரூமில் ஒன்றாம் நம்பர் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் சி.டி.ஜி. பெல்ட்டைக் கட்டினாள் நிம்மி. இரண்டு பட்டைகள். ஒன்றில் இருக்கிற வில்லை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும். இன்னொன்றில் இருப்பது கருப்பை இறுகுவதை உணரும். மெஷினிலிருந்து தாள் வந்துகொண்டே இருக்கும். மேல்கோடு குழந்தைக்கு, கீழ்க்கோடு தாய்க்கு. நிமிஷத்துக்கு 144 துடிப்பு. ஜட்கா வண்டிக் குதிரை ஓடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

மணி ஒன்று இருபத்தைந்து. சென்னிமலை கதவருகே வந்து நின்றார்.

"ராகு காலம் வருதுங்க. ஒன்றரைல இருந்து மூணு வரைக்கும் வயித்துல கயிறு, வாரு எதையும் கட்டப்புடாது. அதை அவுத்துருங்க."

"குழந்தை ஹார்ட் பீட் பாக்கணும் சார்."

"ஒன்றரை மணி நேரம் பாக்காட்டி ஓடியா போயிரும்?"

பூங்குழலி நிம்மியின் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"கழட்டாதீங்க சிஸ்டர். பாப்பா சத்தம் கேட்டுட்டே இருந்தாத்தான் எனக்குத் தைரியமா இருக்குது."

அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிம்மி மாடிக்குப் போன் செய்தாள். "பிட்பிடு நிம்மி, விட்டுரு, எதுக்கு சண்டை? மூணு மணிக்குத் திரும்பக் கட்டிக்கலாம்" என்றார் டாக்டரம்மா, வாயில் சோற்றோடு. நிம்மி நினைத்திருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கால் மணிக்கு ஒரு தடவை கையில் பிடித்துத் துடிப்பைக் கேட்கும் டாப்ளரை வைத்தாவது பார்த்திருக்கலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. 'அனுபவிங்கடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பெல்ட்டை உருவினாள். அவளுடைய பெருமைக்கு அந்தக் குடும்பத்தோடு சண்டை போடுவதுகூடத் தகுதிக் குறைச்சலாகப் பட்டது. பூங்குழலியை ஐந்தாம் நம்பர் ரூமுக்கு மாற்றினார்கள்.

லேபர் ரூம் காலி. இரண்டு கட்டில்கள், மெஷின், நிம்மியின் மேஜை. அவ்வளவுதான். வில்லைகளில் இருந்த ஜெல்லைப் பஞ்சால் துடைத்து, பெல்ட்டைச் சுவர்க் கொக்கியில் மாட்டினாள். மெஷினை அணைக்கச் சோம்பல். அப்படியே விட்டுவிட்டாள்.

1:58. டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர் சாதம், மாங்காய்.

டுப்டுப்... டுப்டுப்... டுப்டுப்...

நிமிர்ந்து பார்த்தாள். மெஷினில் 146 என்று காட்டியது. தாள் நகர்ந்துகொண்டிருந்தது. பெல்ட் கொக்கியில்தான் தொங்கியது.

இந்த மெஷின்கள் ஃபேன் சத்தத்தைக்கூட இதயத் துடிப்பு என்று காட்டும். புது நர்ஸ்கள்தான் அதைப் பார்த்து அலறுவார்கள். நிம்மி அலறுகிறவளா? எழுந்து போய் வில்லையைத் தொட்டாள்.

சூடாக இருந்தது. இப்போதுதான் ஒரு வயிற்றிலிருந்து எடுத்த சூடு. எடுத்து அரை மணி ஆகிறது. அதில் ஜெல்லும் ஈரமாக ஒட்டியிருந்தது. துடைத்த பஞ்சு குப்பைக்கூடையில் அவள் கண் முன்னால் கிடந்தது. சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி மறுபடி துடைத்தாள். ஃபேனை நிறுத்திப் பார்த்தாள்.

டுப்டுப்... டுப்டுப்... டுப்டுப்...

'ஓட்டை மெஷின்' என்று முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

2:12. ஆயா மாதம்மா வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்தாள். ஹனூர்ப் பக்கத்துக்காரி. ஆஸ்பத்திரி தொடங்கின நாளிலிருந்து இருப்பவள்.

"சிஸ்டர், அஞ்சாம் நம்பர் பொண்ணுக்கு வலி நின்னு போச்சு. ஒரு தடவ வந்து பாக்கறீங்களா?"

"நின்னா நல்லதுதான்."

"இல்ல சிஸ்டர், திடீர்னு நின்னு போச்சு. மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."

"நீ டாக்டரா? தொடைக்கற வேலையப் பாரு."

மாதம்மா மெஷினைப் பார்த்தாள். பிறகு இரண்டாம் நம்பர் கட்டிலைப் பார்த்தாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு, துடைக்காமல் வெளியே போய்விட்டாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டாள் நிம்மி.

2:19. அறைக்குள் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

ஏ.சி. சத்தம் என்று எண்ணிச் சோற்றைப் பிசைந்தாள். அன்றைக்கு ஏ.சி. போடவே இல்லை. அது அவளுக்கு உறைத்தது ரொம்ப நேரம் கழித்துத்தான்.

அந்த மூச்சுக்கு அப்புறம் மெஷின் சத்தம் வேகமெடுத்தது. 160... 172... 180... காதைக் குடைந்தது. நிம்மிக்கு எரிச்சல் தாங்கவில்லை. எழுந்து போய் வால்யூமை முழுதாகக் குறைத்தாள். திரும்ப வந்து, போனில் ஏதோ கல்யாண வீடியோவைப் பார்த்துக்கொண்டே மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். மாங்காய் புளித்தது.

2:28. தாள் வீணாகிறதே என்று ஞாபகம் வந்தது. போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். கடைசியாகத் திரையில் பார்த்த எண் 108. விளக்கு அணைந்தது. அச்சான தாளைக் கிழித்து, கையில் கிடைத்த ஃபைலுக்குள் செருகினாள்.

அப்போதுதான் வாசனை வந்தது.

பனிக்குட நீரின் வாசனை. பிரசவ அறையில் பதின்மூன்று வருஷம் இருந்தவளுக்கு அது தப்பாது. லேசான இனிப்பு, லேசான உப்பு, வெதுவெதுப்பு. அன்று காலையிலிருந்து அந்த அறையில் யாருக்கும் பனிக்குடம் உடையவில்லை.

குனிந்து பார்த்தாள். இரண்டாம் கட்டிலின் ரப்பர் ஷீட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

டப்... டப்...

மாதம்மாதான் வாளித் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டாள். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்தும் அதையே சொல்லிக்கொண்டாள். துடைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். கை கழுவிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

2:51. முதுகுக்குப் பின்னால்...

டுப்... டுப்...

மெதுவாக.

டுப்...... டுப்......

ப்ளக் தரையில் கிடந்தது. திரையில் எண் எரிந்தது.

88.

கொக்கியைப் பார்த்தாள். பெல்ட் இல்லை.

கட்டிலைப் பார்த்தாள்.

பெல்ட் இரண்டாம் கட்டிலில் இருந்தது. இரண்டு பட்டையும் பூட்டியபடி. இழுத்துக் கட்டியபடி. மேடாக. முழு மாத வயிறு இருக்கும் உயரத்துக்கு, வளைந்து, அந்தரத்தில்.

உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

மேடு ஏறவில்லை. இறங்கவில்லை. அசையவே இல்லை.

74.

டுப்......... டுப்.........

61.

பெல்ட்டுக்கு நடுவில், உள்ளேயிருந்து, ஏதோ ஒன்று சின்னதாக இடித்தது.

ஒரு தடவை.

இன்னொரு தடவை.

நிம்மி ஓடினாள்.

கடமைக்காக ஓடினாள், நோயாளியைக் காப்பாற்ற ஓடினாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளே ஒப்புக்கொண்டாள். பயத்தில் ஓடினாள். செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். திறந்திருந்த முதல் கதவுக்குள் நுழைந்தாள். அது ஐந்தாம் நம்பர்.

உள்ளே ஒரே நிம்மதி. நாச்சம்மாள் மருமகளின் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தாள். அருண்ராஜ் நாற்காலியில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வலி நின்னு போச்சுங் சிஸ்டர். மாதேஸ்வரன் நல்ல நேரம் வரைக்கும் தள்ளி உட்டுட்டான். புள்ள அசந்து தூங்குது பாருங்க."

பூங்குழலி தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. உதடு சாம்பல் நிறம். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிந்தது. நிம்மி நாடியைப் பிடித்தாள். 130. நூல் மாதிரி ஓடியது. பிரசவ வலி திடீரென்று நின்றால் அது வரம் இல்லை. தழும்பு விட்டுப்போனால்தான் அப்படி நிற்கும்.

டாப்ளரை எடுத்து வயிற்றில் வைத்தாள். அங்கே, இங்கே, கீழே... கிடைத்தது.

டுப்......... டுப்.........

61.

அதே எண்.

"ஓ.டி.க்கு! இப்பவே!" என்று அவள் கத்திய கத்தல் மாடி வரைக்கும் கேட்டது.

"ராகு காலம் முடிய இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குதுங்க" என்று சென்னிமலை வழியை மறித்தார். நிம்மி அவரை ஸ்ட்ரெச்சரால் இடித்துத் தள்ளினாள். மனுஷன் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

3:04க்குக் கத்தி வைத்தார்கள். பழைய தழும்பு பாதிக்கு மேல் பிரிந்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கி நின்றது. 3:11க்குக் குழந்தை வெளியே வந்தது. நீலம். சத்தம் இல்லை. நிம்மி அதன் முதுகைத் தேய்த்தாள், மூக்கில் காற்றுப் பையை வைத்து அழுத்தினாள். ஒரு நிமிஷம்... ஒன்றரை நிமிஷம்... முகம் சுருங்கியது. அழுதது. பெண் குழந்தை. தாய்க்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

நிம்மி குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டினாள். சென்னிமலை முதலில் பார்த்தது கைக்கடிகாரத்தை.

"முப்பத்தொரு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதுங்களா? எல்லாமே போச்சு."

நிம்மி வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கப் பார்த்தாள். முடியவில்லை. குழந்தையை நாச்சம்மாளிடம் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்ச் சத்தம் வராமல் அழுதாள்.

அன்றைக்கு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப லேபர் ரூமுக்குப் போனபோது பெல்ட் கொக்கியில் தொங்கியது. ஷீட் காய்ந்திருந்தது. வேலைப் பளு, வெயில், வெறும் பிரமை என்று நாலு நாள் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஐந்தாம் நாள், பூங்குழலி வீட்டுக்குப் போகிற அன்று, மயக்க மருந்து டாக்டர் சேகரன் அவள் ஃபைலில் கையெழுத்துப் போட வந்தார். ஃபைலுக்குள்ளிருந்து ஒரு தாள் விழுந்தது. எடுத்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இது யாரோட ஸ்ட்ரிப் நிம்மி? பேரே எழுதல. பெட் நம்பர் ரெண்டுன்னு இருக்கு."

"மெஷின் ரிப்பேர் சார். பெல்ட் கொக்கியில இருந்தது. சும்மா ஓடிச்சு."

"சும்மா எப்படி ஓடும்? கீழ்க்கோட்டைப் பாரு. சின்னச் சின்ன அலை தெரியுதில்ல? அது அம்மா மூச்சு. மூச்சு விடறப்ப வயிறு ஏறி இறங்கும், அது இதுல விழும். கொக்கிக்கு மூச்சு உண்டா?"

அவர் விரல் தாளில் நகர்ந்தது. நின்றது.

"இங்க பாரு. 2:19. அலை நின்னு போச்சு. அப்புறம் கோடு ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேரா போகுது. அம்மா போயிட்டாங்க. மேல பாரு, குழந்தை ஓடிட்டே இருக்கு. ஒன்பது நிமிஷம் ஓடுது. உசுரோட இருக்கற குழந்தை... 2:28ல ஏன் நிறுத்தினீங்க?"

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஏதோ பயிற்சித் தாள் என்று முடிவுகட்டி, மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் நிம்மி மாதம்மாவை மாடிப்படிக்கு அடியில் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாம் நம்பர் கட்டில்ல யாரு மாதம்மா?"

மாதம்மா லேபர் ரூம் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"பழனாத்தாள்னு பேரு. மார்டள்ளிக்காரி. நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னால. அவளுக்கும் வீட்டாளுங்க நேரம் பாத்து வெயிட் பண்ண வெச்சாங்க. ரெண்டே கால் மணி இருக்கும், ஃபிட்ஸ் வந்து மூச்சு நின்னு போச்சு. எல்லாரும் வெளிய போய் அழுதாங்க. டாக்டரம்மா பேப்பர் எழுதப் போயிட்டாங்க. நான்தான் போர்வை போத்தினேன்."

"அப்புறம்?"

"போர்வை அசைஞ்சுது சிஸ்டர். வயித்துக்கிட்ட. சொல்லலாம்னு வெளிய போனேன். அங்க நின்ன பெரியவங்க மூஞ்சிங்களப் பாத்துப் பயந்து, சொல்லாமயே உள்ள வந்துட்டேன். கதவச் சாத்திட்டு அதையே பாத்துட்டு நின்னேன். அசைஞ்சுட்டே இருந்துது."

"எவ்வளவு நேரம்?"

"எடுத்துட்டுப் போற வண்டி வர்ற வரைக்கும்" என்றாள் மாதம்மா. "வண்டி சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்துது."